காவிரிப் பருத்தி – 6: பொன்னை மூடிய சிவப்பு

சென்ற வாரம் புதுச்சேரியில் ஒரு கத்தரியோடு நிறுத்தியிருந்தோம். ஆண்டு 1734. துணியில் சித்திரம் எழுதுகிறவர் ஒரு கட்ட வேலையை முடித்துக் கையை எடுத்ததும், பிரெஞ்சுக் கப்பற்படை அதிகாரி பொலியூ அந்தத் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டார். அடுத்த கட்டம் முடிந்ததும் இன்னொரு துண்டு. நல்ல துணியை இப்படித் துண்டு போடுவானேன்?

முடிந்த துணி வாய் திறக்காது என்பதுதான் காரணம். சோழமண்டலக் கரையிலிருந்து போன சித்திரத் துணிகளை ஐரோப்பியர்கள் பல தலைமுறையாக உடுத்தியிருந்தார்கள். படுக்கையில் விரித்தார்கள், சுவரில் தொங்கவிட்டார்கள். துவைத்தும் பார்த்தார்கள். சிவப்பு போகவில்லை. அச்சுப் போடக் கற்றுக்கொண்டவர்கள் அங்கேயும் சிலர் இருந்தார்கள். ஆனால் இந்த அளவுக்கு ஆழமான, இந்த அளவுக்கு நிற்கிற சிவப்பு அவர்கள் கைக்கு வரவில்லை. முடிந்த துணியை எத்தனை முறை புரட்டினாலும் அது எந்த வரிசையில் எதில் நனைந்து எழுந்தது என்று தெரியாது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு கையில் இருந்தால்தான் தெரியும்.

பொலியூவிடம் இதைக் கேட்டிருந்தவர் பாரிஸ் அறிவியல் கழகத்தைச் சேர்ந்த து ஃபே. மின்சாரத்தில் இரண்டு வகை உண்டு என்று கண்டு சொன்னவர் அவர்தான். பிரான்ஸின் சாயத் தொழிலைச் சீர்படுத்துகிற வேலையும் அவரிடம் இருந்தது. பொலியூ எழுதிய குறிப்புகள், வெட்டிய துணித் துண்டுகளோடு, இன்றும் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பொலியூ கத்தரியை எடுத்த அந்த 1734-ல், இந்த மாதிரித் துணியைப் பிரான்ஸில் செய்வதும் குற்றம், விற்பதும் குற்றம், உடுத்துவதும் குற்றம்! 1686-ல் போட்ட தடை 1759 வரை நீங்கவில்லை. பிடிபட்ட துணியைப் பறிமுதல் செய்தார்கள். கடத்துகிறவர்களை அரசரின் கப்பல்களில் துடுப்பு வலிக்க அனுப்பினார்கள். அப்படியும் பெண்கள் உடுத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

லண்டனில் நிலைமை இன்னும் மோசம். 1719-ல் பட்டும் கம்பளியும் நெய்கிறவர்கள் பிழைப்புப் போய் வீதிக்கு வந்தார்கள். இந்தியத் துணி உடுத்திய பெண்களைத் தெருவில் மறித்து உடையைக் கிழித்தார்கள். மையை ஊற்றினார்கள், சிலர் திராவகத்தையே வீசினார்கள். 1721-ல் சட்டம் வந்தது. அச்சிட்ட, சித்திரம் எழுதிய பருத்தித் துணியை உடுத்தக் கூடாது என்ற அந்தச் சட்டம் 1774 வரை நின்றது.

ஒரு துணிக்காகச் சட்டம், கலவரம், திராவகம். அந்தத் துணியில் என்ன இருந்தது?

*

கும்பகோணத்துச் சித்திரை வெயிலில் நடந்து வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஈரிழைத் துண்டால் முதுகைத் துடைத்துக்கொள்கிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நம் உடம்புக்குத் தெரிந்த விஷயத்தின் காரணத்தையும் தெரிந்துகொள்வது நல்லது.

பருத்திக் காய்க்குள் ஒவ்வொரு இழையும் நீர் நிறைந்த நுண்ணிய குழாயாக வளர்கிறது. காய் வெடித்துக் காற்றுப் பட்டதும் உள்ளே இருந்த நீர் உலர்ந்துபோகிறது. குழாய் அமுங்கித் தட்டையாகி, தன்னைத்தானே முறுக்கிக்கொள்கிறது. அந்த இயற்கை முறுக்கினால்தான் ஒரு இழை இன்னொன்றைப் பற்றிக்கொள்கிறது, ராட்டையில் நூலாக இறங்குகிறது. நீரில் வளர்ந்த இழைக்கு நீரோடு உறவு விடுவதில்லை. காற்றில் உள்ள ஈரத்தையே அது தன் எடையில் 7, 8 சதவீதம் வரை வாங்கி வைத்துக்கொள்ளும். வியர்வையை உடம்பிலிருந்து எடுத்து வெளியே ஆவியாக்கிவிடும்.

இதைவிடப் பெரிய குணம் ஒன்று உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. பட்டும் கம்பளியும் நனைந்தால் வலு குறையும். பருத்திக்கு நனைந்தால் வலு கூடும். காவிரிப் படித்துறைக் கல்லில் ஓங்கி அடித்துத் துவைத்தாலும் அது தாங்குவது இதனால்தான். அன்றாடம் துவைத்து அன்றாடம் உடுத்துகிற பழக்கம் வெப்ப நாட்டில் நம்மவர்களுக்கு வாய்த்ததும் இந்தக் குணத்தால்தான். கம்பளியும் கெட்டி லினனும் போட்டுக்கொண்டிருந்த ஐரோப்பியருக்கு, லேசாகவும் மெத்தென்றும் இருக்கிற, தண்ணீரில் அலசிக் காயப்போட்டால் புதிதுபோல வருகிற துணி கிடைத்தபோது மயங்காமல் என்ன செய்வார்கள்?

இதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. பட்டு சாயத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும், கம்பளியும் அப்படித்தான். பருத்தி லேசில் பிடிக்காது. வேரையும் பட்டையையும் காய்ச்சி அதில் முக்கி எடுத்தால் நிறம் ஏறியதுபோல இருக்கும், இரண்டாம் துவைப்பில் தண்ணீரோடு போய்விடும். துவைப்பதற்கென்றே பிறந்த துணியில் துவைத்தால் போகிற நிறம் இருந்து என்ன பயன்? பருத்தி உலகத்தை ஆண்டதற்குப் பாதிக் காரணம்தான் அந்த இழை. மறுபாதி, இந்தப் பிடிவாதக்கார இழையைச் சிவப்பு பிடிக்கவைத்த மனிதர்கள். அவர்களில் பலர் நம் கொள்ளிடக் கரையிலும் காவிரி கடலில் சேரும் துறைமுகங்களைச் சுற்றியும் இருந்தார்கள்.

துறைமுகங்கள் என்றதும் ஒரு வரிசை ஞாபகத்துக்கு வருகிறது. தஞ்சை இரகுநாத நாயக்கர் 1620-ல் டென்மார்க்காரர்களுக்குத் தரங்கம்பாடியைக் கொடுத்தார். டச்சுக்காரர்கள் 1658-ல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். 1739-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. ஒரு நாள் நடையில் அடுத்தடுத்துக் கடக்கக்கூடிய கடற்கரையில் மூன்று ஐரோப்பியக் கொடிகள். துணி அவர்களை இழுத்து வந்தது என்று மட்டும் சொன்னால் பாதி உண்மை. அவர்கள் தேடியது மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும். ஆனால் கிராம்பு விளைகிற தீவுகளில் ஐரோப்பாவின் சரக்கை யாரும் பெரிதாக மதிக்கவில்லை, சோழமண்டலத்துத் துணியைக் கேட்டார்கள். துணி கொடுத்துத்தான் வாசனைப்பொருள் வாங்க முடிந்தது. கடல் வணிகத்தில் நம் துணி நாணயமாகவே ஓடியது.

*

சிவப்பு எப்படி நின்றது? கும்பகோணத்திலிருந்து வடகிழக்கே திருப்பனந்தாள் பக்கம் உள்ள சிக்கல்நாயக்கன்பேட்டைக்குப் போனால் அதன் மிச்சத்தை இன்றும் கண்ணால் பார்க்கலாம். நாயக்கர் காலத்தில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் கோயில்களுக்காகத் துணியில் சித்திரம் எழுதிய ஊர் இது. தேருக்கும் மண்டபத்துக்கும் தொங்குகிற உருளை வடிவத் தொம்பை, மேலே விதானமாகக் கட்டுகிற அசமானகிரி, தோரணம், திரைச்சீலை என்று எல்லாமே பருத்தியில். 2021-ல் இந்த வேலைக்குக் கருப்பூர் கலம்காரி என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது.

எழுதுகிற கருவியைக் கையில் வாங்கிப் பாருங்கள். கூராகச் சீவிய மூங்கில் குச்சி. முனைக்குக் கொஞ்சம் மேலே துணி சுற்றி நூலால் இறுக்கிக் கட்டிய ஒரு உருண்டை. உருண்டையைச் சாயத்தில் தோய்த்துக்கொண்டு விரலால் லேசாக அமுக்கினால், சாயம் குச்சி வழியே இறங்கிக் கோடாகிறது. அமுக்கத்தைக் கூட்டினால் கோடு தடிக்கும், குறைத்தால் முடி போல மெலியும். யானையின் தும்பிக்கையில் விழுகிற சுருக்கங்களை ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள். இதில் அழிக்கிற வேலையே கிடையாது, துணி குடித்தது குடித்ததுதான்.

ஆனால் எழுதுவதற்கு முன்னால் துணியைத் தயார் செய்ய வேண்டும். பொலியூ 1734-ல் எழுதியதையும், எட்டு வருஷம் கழித்துக் கெர்தூ என்ற ஏசுசபைப் பாதிரியார் எழுதிய கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் வரிசை தெளிவாகிறது. கெர்தூவின் கடிதத்தில் 1742 ஜனவரி 18 என்று தேதி இருக்கிறது. கிறிஸ்தவராகியிருந்த சில துணி ஓவியர்களைக் கேட்டு அவர் எழுதியது அது.

முதலில் கடுக்காய். கடுக்காய்ப் பொடியை எருமைப்பாலில் கரைத்து, அதில் துணியை நனைத்துப் பிழிந்து வெயிலில் உலர்த்துகிறார்கள். கடுக்காயின் துவர்ப்பு பின்னால் வரப்போகிற மருந்தைப் பிடித்துக்கொள்ள. பாலின் கொழுப்பு, எழுதுகிற கோடு துணியில் ஊறிப் பரவாமல் இருக்க. பிறகு துணியை மடித்து மரக்கட்டையால் அடித்து அடித்து மழமழவென்று ஆக்குகிறார்கள். தாளில் ஊசியால் துளையிட்ட சித்திரத்தைத் துணிமேல் வைத்துக் கரித்தூளைத் தட்டினால் புள்ளிப் புள்ளியாக வடிவம் விழும். கறுப்புக் கோட்டுக்குத் துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் புளிக்கவைத்த நீர். கடுக்காய் ஏறிய துணியில் அது பட்டதும் கறுக்கிறது. இதுவரை புரிகிறது.

சிவப்பு வேண்டிய இடத்தில் ஓவியர் என்ன எழுதுகிறார் தெரியுமா? படிகாரத் தண்ணீர். நிறமே இல்லாத தண்ணீர்! எங்கே எழுதினோம் என்று தன் கண்ணுக்குத் தெரிவதற்காக மட்டும் அதில் கொஞ்சம் ஓடிப்போகிற சாயத்தைக் கலந்துகொள்கிறார். பிறகு துணி முழுவதையும் சாயவேர் கொதிக்கிற அண்டாவில் போடுகிறார்கள். வெளியே எடுக்கும்போது எங்கும் ஒரே சிவப்பு. எழுதியது, எழுதாதது எதுவும் தெரியாது. இவ்வளவு நாள் பட்ட பாடு பாழாகிவிட்டதோ என்று பார்க்கிறவர் பதறுவார்.

அடுத்து ஆட்டுப் புழுக்கை கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, அலசி, ஆற்றங்கரைப் புல்லில் விரிக்கிறார்கள். தண்ணீர் தெளிக்கிறார்கள். வெயில் காய்கிறது. மறுபடி தெளிக்கிறார்கள். நாள் ஆக ஆகப் படிகாரம் படாத இடத்தில் இருந்த சிவப்பு வெளுத்து ஓடுகிறது. படிகாரம் பட்ட இடத்துச் சிவப்பு அசையாமல் நிற்கிறது. இரும்பு பட்ட இடம் இன்னும் கறுத்துப்போகிறது. ஒரே அண்டா, ஒரே வேர், ஆனால் துணியில் இரண்டு நிறமும் வெள்ளையும். வேரில் உள்ள சாயப்பொருள் படிகாரத்தின் அலுமினியத்தோடு சேர்ந்து தண்ணீரில் கரையாத ஒன்றாக மாறி இழைக்குள்ளேயே சிறைப்பட்டுவிடுகிறது. இனி எந்தப் படித்துறையில் எத்தனை அடி அடித்தாலும் வெளியே வராது.

நீலம் வேண்டுமானால் வேறு வழி. நீலம் ஏறக் கூடாத இடத்தையெல்லாம் உருக்கிய மெழுகால் மூடிவிட்டுத் துணியை அவுரித் தொட்டியில் இறக்க வேண்டும். மெழுகால் மூடுகிற இந்தக் கைவேலையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் தேவைப்படும்.

சாயவேர் என்பது கடற்கரை மணலில் வளர்கிற சின்னச் செடியின் வேர். கிளிஞ்சல் மண்டிய மணலில் வளர்ந்த வேருக்கு நிறம் கூடுதல், அந்தச் சுண்ணாம்புச் சத்து சிவப்பை ஒளிரச் செய்கிறது. தண்ணீரின் குணமும் முக்கியம் என்று கெர்தூ அழுத்திச் சொல்கிறார், ஒரு ஊரில் வரும் நிறம் இன்னொரு ஊரில் வராது. அந்தச் சாயப்பொருளுக்கு வேதியியலார் வைத்த பெயர் அலிசரின். இந்தப் பெயரை மனதில் வையுங்கள். இன்னும் சில வாரத்தில் பெர்லினிலிருந்து அது வேறொரு உருவத்தில் வரப்போகிறது.

பொலியூவின் துண்டுகள் பாரிஸ் போய்ச் சேர்ந்தன. 1739-ல் து ஃபே இறந்தார். 1759-ல் தடை நீங்கியது. அடுத்த ஆண்டே பாரிஸுக்குப் பக்கத்தில் ழூயி என்ற ஊரில் ஓபர்காம்ப் துணி அச்சிடத் தொடங்கிவிட்டார். சிறிது காலத்தில் ஐரோப்பா தன் துணியைத் தானே அச்சடித்துக்கொள்ளும் நிலைக்கு வந்தது. மரக்கட்டையால் அச்சிட்டு, பிறகு செம்புத் தகட்டால் அச்சிட்டு, கடைசியில் உருளையால் அச்சிட்டு, நம் ஓவியர் மாதக்கணக்கில் எழுதியதை அவர்கள் நாழிகைக் கணக்கில் முடித்தார்கள்.

இனி நம் ஊர்த் துணிக்கு என்ன வேலை? அந்த நேரத்தில்தான் கொள்ளிடத்தின் வடகரையில் எந்த இயந்திரத்தாலும் தொட முடியாத ஒன்று தறியில் ஏறிக்கொண்டிருந்தது.

*

கும்பகோணத்திலிருந்து வடக்கே போய் நீலத்தநல்லூரில் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் அரியலூர் மாவட்டம். தா.பழூர் பக்கம் ஆற்றங்கரையை ஒட்டிய ஊர்களில் ஒன்று கொடாலிக்கருப்பூர். இன்று பார்த்தால் வயலும் வரப்பும் உள்ள சாதாரண டெல்டா கிராமம். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துத் திருமணங்களுக்கு இங்கிருந்துதான் சேலை போனது.

பெரிய கடைத்தெருவில் முகூர்த்தச் சேலை எடுக்க வருகிறவர்களிடம் பருத்திச் சேலையை நீட்டிப் பாருங்கள், கல்யாணத்துக்கா என்று ஒரு மாதிரி பார்ப்பார்கள். கல்யாணம் என்றால் பட்டு, திருபுவனம் பட்டு. பருத்தி வீட்டில் உடுத்த, வயலுக்குப் போக, வயதானவர்களுக்கு. இந்த எண்ணம் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறதோ அவ்வளவு புதியது. மயிலாடுதுறையை ஒட்டிய கூறைநாட்டில் நெய்த கூறைப் புடவையிலேயே பட்டோடு பருத்தியும் கலந்திருந்தது. கருப்பூரில் அடிப்படையே பருத்திதான். மராட்டிய ராணிகள் மணமேடையில் உடுத்தியது பருத்தி. தஞ்சையிலிருந்து பரோடாவுக்கும் கோலாப்பூருக்கும் சதாராவுக்கும் சம்பந்தம் கலந்த வீடுகளுக்குச் சீராகப் போனதும் இந்தப் பருத்திச் சேலைதான். ஆண்களுக்குத் தலைப்பாகைத் துணியும் இதே வேலைப்பாட்டில் செய்தார்கள்.

என்ன வேலைப்பாடு? நம் நெசவுக் கலையில் இதற்கு ஈடாக வைக்க எனக்கு இன்னொன்று தோன்றவில்லை.

முதல் பாதி தறியில். மிக மெல்லிய பருத்தி நூலில் பாவு. ஊடையும் பருத்தி. புட்டா வர வேண்டிய இடத்தில் மட்டும் பொன் சரிகையைச் சின்னச் சின்ன உருண்டையாகச் சுற்றி வைத்துக்கொண்டு, பாவு நூல்களை எண்ணி, கையால் கோத்து இழுத்து, நாடாவை ஒரு ஓட்டம் விட்டு, மறுபடி சரிகை. வங்காளத்து ஜம்தானியில் செய்கிற அதே முறை. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் வளர்ச்சி விரலளவில்தான் இருக்கும். முந்தி, கரை, உடல் என எல்லா இடத்திலும் பொன் கொடிகளும் பூக்களும் விரவி, சேலை தறியிலிருந்து இறங்கும்போது வெள்ளைத் துணியில் பொன் ஜொலிக்கும். எந்த ஊரிலும் இந்த இடத்தில் வேலை முடிந்தது என்று மடித்து விற்றிருப்பார்கள்.

கருப்பூரில் இங்கேதான் இரண்டாம் பாதி தொடங்கியது. துணி எழுதுகிறவரிடம் போனது. அவர் மூங்கில் குச்சியை எடுத்து, நெய்த பூக்களைச் சுற்றிக் கோடு எழுதினார். வெள்ளை நிற்க வேண்டிய இடங்களை உருக்கிய மெழுகால் மூடினார். பிறகு படிகாரம், சாயவேர், கொதிக்கும் அண்டா. அவ்வளவு பாடுபட்டு ஒவ்வொரு இழையாக நெய்து வைத்த பொன்னின் மேலேயே சிவப்பு ஏறியது. மெழுகு உருகிப் போன பிறகு பார்த்தால், பழுப்பும் கறுப்பும் கலந்த அடர் சிவப்புச் சேலை. எட்டி நின்று பார்க்கிறவருக்குப் பொன் கண்ணில் படாது. உடுத்தியவர் நடக்கும்போது, விளக்கு வெளிச்சம் மடிப்பில் விழும்போது, சிவப்புக்கு அடியிலிருந்து பொன் எழுந்து வரும், மறுபடி உள்ளே போய்விடும்.

பொன்னை எதற்காக மறைத்தார்கள்? பல நாள் இதை யோசித்திருக்கிறேன். கிழக்குக் கரையில் இரண்டு பெரிய வித்தைகள் இருந்தன, மெல்லிய நெசவும் நிலைத்த சாயமும். உலகம் முழுவதும் இவை தனித்தனியாகத்தான் விலைபோயின. கருப்பூரார் இரண்டையும் ஒரே துணியில் கட்டினார்கள். அப்படிக் கட்டியபோது பொன்னுக்குத் தனி இடம் கொடுக்கவில்லை, பருத்திக்கும் அதன் சிவப்புக்கும் துணையாக நிற்கவைத்தார்கள். பட்டுச் சேலையில் சரிகையைத்தான் முதலில் பார்க்கிறோம், பட்டு அதைத் தாங்குகிற தளம். கருப்பூர்ச் சேலையில் தளமே முதன்மை. பருத்தி தன் பெருமையை இவ்வளவு நிமிர்ந்து சொன்ன இடம் வேறு எங்கும் இல்லை என்றே நினைக்கிறேன். இந்த முடிவை எடுத்த முதல் கைவினைஞரின் பெயர் நமக்குத் தெரியாமல் போனதில் எனக்குத் தீராத வருத்தம்.

அகமதாபாத் காலிகோ அருங்காட்சியகத்திலும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் கருப்பூர் வேலை பாதுகாப்பாக இருக்கிறது. அது பிறந்த தெருவில் இல்லை.

*

இந்தச் சேலையின் பலமும் பலவீனமும் ஒன்றே. மான்செஸ்டர் ஆலை இதைச் செய்ய முடியாது. ஆனால் அரண்மனையைத் தவிர வேறு யாரும் இதை வாங்கவும் முடியாது.

தஞ்சையில் நாயக்கர் ஆட்சி 1673-ல் முடிந்து, 1676-ல் ஏகோஜி வந்தது முதல் மராட்டியர் ஆட்சி. 1799-ல் இரண்டாம் சரபோஜி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு நாட்டு நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டார். கோட்டையும் அரண்மனையும் அவரிடம் நின்றன. ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நில வருவாயில் செலவு போக ஐந்தில் ஒரு பங்கும் அவருக்கு. ஆட்சி போனாலும் வருமானம் இருந்தது. சரபோஜி அதைப் புத்தகங்களிலும் கலைகளிலும் போட்டார் என்பதைச் சரஸ்வதி மகாலுக்குப் போனவர்கள் அறிவார்கள். அரண்மனையில் கல்யாணம் நடக்கும்வரை கருப்பூர்த் தறிக்கும் வேலை இருந்தது.

இந்த ஏற்பாட்டைச் சுற்றிலும் பஞ்சின் பாதையே மாறிக்கொண்டிருந்தது. டெல்டா நெல் மண். பருத்தி கரிசல் சீமைகளிலிருந்து வந்து, இங்கே நூலாகி, துணியாகி, சித்திரமாகிக் கப்பலேறும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சு கப்பலேறிப் போய் மான்செஸ்டரிலிருந்து நூலாகவும் துணியாகவும் திரும்பியது. இன்று ஆனி, ஆடி மாதங்களில் கும்பகோணத்தை அடுத்த கொட்டையூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போய்ப் பாருங்கள். சம்பா அறுத்த வயலில் மாசி, பங்குனியில் பருத்தி விதைத்த விவசாயிகள் தாட்டு தாட்டாகப் பஞ்சைக் கொண்டுவந்து அடுக்கியிருப்பார்கள். மழை வந்துவிடுமோ என்று வானத்தையும், ஈரப்பதம் அதிகம் என்று விலையைக் குறைப்பார்களோ என்று வியாபாரியின் கையையும் பார்த்தபடி மறைமுக ஏலத்துக்குக் காத்திருப்பார்கள். ஏலம் முடிந்ததும் பஞ்சு லாரி ஏறி வெளியூர் ஆலைகளுக்குப் போகும். துணி விளைந்த ஊரில் இப்போது பஞ்சு விளைகிறது. இதன் கதை பெரியது, அதற்கென்று ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறேன். இப்போது தஞ்சைக் கோட்டைக்குத் திரும்புவோம்.

1832-ல் சரபோஜி காலமானார். அவர் மகன் இரண்டாம் சிவாஜி பட்டத்துக்கு வந்தார். 1855 அக்டோபரில் சிவாஜியும் காலமானார். ஆண் வாரிசு இல்லை. டல்ஹௌசி கவர்னர் ஜெனரலாக இருந்த காலம் அது. சதாரா போய்விட்டது, நாகபுரி போய்விட்டது, ஜான்சி போய்விட்டது. அரசருக்கு மகன் இல்லாவிட்டால் அரசு கம்பெனிக்கு என்பது அப்போதைய கொள்கை. தஞ்சையில் பிடுங்குவதற்கு ராஜ்யம்கூட மிச்சமில்லை, ஒரு பட்டமும் ஒரு கோட்டையும்தான் இருந்தன. பட்டம் ஒழிந்தது என்று கம்பெனி அறிவித்தது.

அதோடும் நிற்கவில்லை. 1856 அக்டோபரில் கம்பெனியின் ஆணையர் ஃபோர்ப்ஸ் படைவீரர்களோடு அரண்மனைக்குள் நுழைந்தார். அரசுச் சொத்து எது, அரசரின் சொந்தச் சொத்து எது என்று பிரித்துப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கையகப்படுத்தி முத்திரை வைத்தார். அரசரின் விதவைகள் வாழ்கிற வீட்டில், அவர்கள் அனுபவித்துவந்த சொத்தின்மேல் அரக்கு முத்திரை விழுந்தது.

கோட்டையிலிருந்து கருப்பூருக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றால் என்ன ஆகும் என்று தறிக்காரர்களுக்குத் தெரியாதா? பொன் சரிகைக்கு முன்பணம் வேண்டும். ஒரு சேலை முடிய மாதங்கள் ஆகும். முடித்த சேலையைக் கும்பகோணம் சந்தையில் கூறு போட்டு விற்க முடியாது. வாங்குகிற ஒரே வீடு பூட்டிக் கிடந்தது.

அப்போது அந்த வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் எழுந்தார். சிவாஜியின் மூத்த அரசி காமாட்சி பாயி சாகேப். திரைக்கு வெளியே முகம் காட்டாத அரச குலப் பெண். பிடுங்கியது அரசாங்கச் சொத்து அல்ல, எங்கள் வீட்டுச் சொத்தைக் கம்பெனி அநியாயமாக எடுத்துக்கொண்டது, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கம்பெனியின் மீதே மதராஸ் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். வழக்கு நடக்கும்போதே வடக்கே 1857 வெடித்தது. ராணிகள் என்ற சொல்லைக் கேட்டாலே கம்பெனிக்காரர்கள் கலங்கிய நேரத்தில், மதராஸின் ஆங்கிலேய நீதிபதிகள் தீர்ப்பு எழுதினார்கள். தஞ்சை அரசியின் பக்கம்!

கம்பெனி அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. வழக்குக் கட்டுகள் கப்பலேறி லண்டனில் பிரிவி கவுன்சிலுக்குப் போயின. அவை போய்ச் சேர்ந்து தீர்ப்பு வருவதற்குள் கம்பெனியின் ஆட்சியே முடிவுக்கு வந்து, விக்டோரியா மகாராணியின் அரசு அந்த இடத்துக்கு வந்துவிட்டது. இனி காமாட்சி பாயி வழக்காட வேண்டியது ஒரு வியாபாரக் கம்பெனியோடு அல்ல, பிரிட்டிஷ் பேரரசோடு.

1859-ல் பிரிவி கவுன்சில் கூடியது. அரண்மனைக் கதவின் முத்திரை உடையுமா? உடைந்தாலும், கருப்பூர்த் தறியில் ஏற்றி வைத்திருக்கும் பாவை வாங்க அந்த வீட்டில் யாரிடமாவது பணம் மிஞ்சியிருக்குமா?

(தொடரும்)